இருட்டில் எட்டு வினாடி

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றுக்குப் பதில் எழுதியாகிவிட்டது. பதினேழாவது மட்டும் மூன்று நாளாகக் காலி. பார்வையில் குறைபாடு உண்டா? உண்டெனில் விவரம்.

அவள் படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"இன்னைக்காவது எழுதிடுக்கா," என்றாள் தங்கை.

"எழுதினா எடுக்க மாட்டாங்க."

"எழுதலைன்னா?"

"எடுத்தப்புறம் பாத்துக்கலாம்."

"எதைப் பாப்ப? பொழுது சாஞ்சா உனக்குக் கதவே தெரியாது. எனக்கும்தான்."

அக்கா தங்கை இருவருக்கும் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து மாலைக்கண். வெளிச்சத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரியும். விளக்கு மங்கினால் யாரோ உலகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும். வருஷத்துக்கு வருஷம் கூடலாம், கூடாமலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். தங்கை நாலு மணிக்கு முடிகிற வேலையாகத் தேடிக்கொண்டாள். அக்கா கூரியர் அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில், நடிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். மணிக்கணக்கில் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிற தொழில்.

பயிற்சி ஒரு வருஷம். இன்று கடைசி நாடகம். ஒன்பது பேர் நடிக்கிறார்கள். அதைப் பார்த்து இரண்டு பேரை நாடகக் குழு மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். மற்ற ஏழு பேருக்கும் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கூரியர் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகலாம்.

குழுவில் அவளுக்குப் பெயர் கணக்கு. எதற்கெடுத்தாலும் வாய்க்குள் எண்ணுகிறாள் என்று கூட நடிக்கும் ஒருவன் வைத்த பெயர். அவனுக்கு அவள் வைத்த பெயர் ஒட்டடை. ஆறடிக்கு மேலே நீண்டு, விட்டத்தைத் தொட்டுவிடுகிற மாதிரி இருப்பான். நாடகத்தில் அவளுக்குத் தம்பி. வெளியிலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

கணக்கு எதை எண்ணுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. பதற்றத்துக்கு ஒருத்தர் நகம் கடிப்பார், ஒருத்தர் எண்ணுவார் என்று விட்டுவிட்டார்கள். அவள் எண்ணியது காலடிகளை. சோபாவிலிருந்து எழுந்து, கால் வட்டம் திரும்பி, ஏழு அடி. ஏழாவதில் கை நீட்டினால் ஓரத்துக் கறுப்புத் திரை. மூன்றாம் காட்சி முடிந்து நான்காம் காட்சி தொடங்குவதற்குள் எட்டு வினாடி இருட்டு. ஏழு அடிக்கு ஆறு வினாடி. மீதி இரண்டில் மூச்சு விடலாம்.

திரும்புவதில் கொஞ்சம் பிசகினால் மேடையின் முன்விளிம்பு. அங்கிருந்து தரைக்கு நாலடிப் பள்ளம்.

மூன்று மணிக்கு நாடகம். இரண்டே காலுக்கு அவள் அரங்குக்குள் நுழைந்தபோது சோபா இடம் மாறியிருந்தது.

"யார் நகர்த்தினது?"

மேடைப் பொறுப்பாளர் ஏணிமேல் நின்றிருந்தார். வாயில் ஒட்டுநாடா. அதை எடுத்துவிட்டுச் சொன்னார். "நான்தான். ஓரத்து இருக்கையிலேர்ந்து பாத்தா சோபா முதுகு வாசலை மறைக்குது. குழுத் தலைவி நேத்து சொன்னாங்க. ரெண்டு மூணு அடி நடுப்பக்கமா தள்ளி, லேசா திருப்பியிருக்கேன்."

"ஒரு தடவ நடந்து பாத்துக்கறேன்."

"சோபாதானேம்மா. ஓடியா போயிடும்?"

"ஒரே தடவ."

"விளக்கு சோதிக்கணும். அடுத்து ஒலி. உங்க ஒருத்தருக்கா நாடகம்? போய் ஒப்பனை போடுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் இறங்கி அந்தப் பக்கம் போனதும் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்தாள். திரும்பினாள். எவ்வளவு திரும்புவது? கால் வட்டம் இப்போது போதாது. ஒன்று, இரண்டு, மூன்று. மேலே யாரோ, "எல்லாத்தையும் அணைக்கிறேன்" என்றார்கள். அணைத்தும்விட்டார்கள். கண்ணைத் திறந்தும் இருட்டுதான்; அவள் நாலாவது அடியை வைக்கவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தூரத்தில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். இருட்டில் சர்வ சாதாரணமாக. விளக்கு வந்தபோது அவள் விளிம்புக்கு ஒரு முழத்தில் நின்றாள். முகம் பார்வையாளர் இருக்கைகளைப் பார்த்து இருந்தது. திரையைப் பார்த்து நடக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

விளிம்பிலிருந்து இரண்டடி பின்வாங்கினாள்.

"அங்க என்னம்மா பண்றீங்க?" என்றார் பொறுப்பாளர்.

"ஒண்ணுமில்ல."

ஒப்பனை அறையில் ஒட்டடை கண்ணாடிக்குக் குனிந்து மீசை ஒட்டிக்கொண்டிருந்தான். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. மாவு போடாமலே வெள்ளையா இருக்கு."

"சோபாவ நகர்த்திட்டாங்க."

"ஆமா, பாத்தேன்." அவன் மீசையை விரலால் அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனான்.

நாடகம் ஆரம்பித்தது. கதை சின்னது. வீட்டைத் தாங்கிய மூத்த மகள் ஒருநாள் சொல்லாமல் போய்விடுகிறாள். முதல் காட்சியும் இரண்டாம் காட்சியும் தண்ணீர்பட்ட பாடாகப் போயின. மூன்றாவதில் அவள் மட்டும். கடிதம் எழுதுகிறாள். மடித்து மேஜையில் வைக்கிறாள். சால்வையைக் கழற்றிச் சோபாவில் போடுகிறாள். உட்கார்ந்து ஒரு முறை வீட்டைப் பார்க்கிறாள். இருட்டு. அவள் போய்விட வேண்டும்.

இருட்டு வந்தது.

அவள் எழவில்லை. ஒன்று, இரண்டு. பழைய கணக்கில் போனால் எங்கே போய் விழுவோம்? மூன்று, நாலு. முன்வரிசையில் ஒருவர் இருமினார். அந்தத் திசையில் பள்ளம், அது மட்டும் தெரிந்தது. ஐந்து, ஆறு. ஒரு வருஷம், கூரியர் வேலை, தங்கையின் முகம். ஏழு. எட்டு.

விளக்கு வந்தது.

நான்காம் காட்சியில் ஒட்டடை மட்டும். காதில் தொலைபேசியோடு உள்ளே வரவேண்டும். வந்தான். அவன் சொல்ல வேண்டிய முதல் வரி அவளுக்குத் தெரியும். ஒன்பது பேருக்கும் தெரியும்.

"அக்கா போயி மூணு நாளாச்சு," என்றான்.

அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவன் அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு அவள் இருந்த இடத்தினூடாகச் சுவரைப் பார்த்தான். நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளை இடித்துவிடாமல், அவள் இல்லாத மாதிரி. "இல்ல, போன் பண்ணல. லெட்டர்தான் இருந்துச்சு. சால்வைய விட்டுட்டுப் போயிட்டா. குளுரும் அவளுக்கு."

சால்வையை எடுத்து மடித்தான். அவள் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. இவன் வீட்டில் நான் இல்லை, இந்தச் சோபாவில் நான் உட்கார்ந்த பள்ளம் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒத்திகையில் வராத ஏதோ ஒன்று அவன் குரலில் இருந்தது. சிரித்தவர் அடங்கிவிட்டார்.

அவள் மட்டும் அடுத்த இருட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் எட்டு வினாடிதான்.

அது வந்ததும் முழங்கையில் ஒரு கை பட்டது.

"எந்திரிங்க," என்றான் ஒட்டடை, காதோரம். "இப்ப ஒம்போது."

ஒன்பது அடியில் கறுப்புத் திரை அவள் முகத்தில் உரசியது.

நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும்போதுதான் கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வருஷமா பக்கத்துல நிக்கறேன். இருட்டாச்சுன்னா உங்க வாய் அசையும். முதல்ல என்னைத்தான் திட்டறீங்கன்னு நெனச்சேன்." அவன் மீசையைப் பிய்த்தான். "அப்புறம் ஒருநாள் கண்ணை மூடிட்டு நானும் எண்ணிப் பாத்தேன். இன்னைக்கும் எண்ணிட்டு வந்தேன். சொல்றதுக்குள்ள நாடகம் தொடங்க மணி அடிச்சுட்டாங்க."

"ஏன்டா இவ்ளோ நாள் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவள் கண்ணாடியைப் பார்த்து மாவைத் துடைத்தாள்.

"உள்ள கேட்டாங்கன்னா, எழுந்து போகாம உக்காந்தது உங்க யோசனைன்னு சொல்லுங்க," என்றான். "நான் முதல்ல போறேன். நானும் அதையே சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

ஒவ்வொருவராக அரங்குக்குள் கூப்பிட்டார்கள். குழுவின் தலைவி முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதக் கட்டு. குட்டையாக வெட்டிய நரைமுடி. பேசும்போது எழுதுவதை நிறுத்தமாட்டார்.

"படிவம்?"

கொடுத்தாள். தலைவி பிரித்தார். மேலிருந்து கீழாக விரல் ஓடியது. பதினேழில் நின்றது.

"நாலாவது காட்சியில நீங்க போகாம உக்காந்திருந்தது எனக்குப் பிடிச்சது. பிரதியில இல்ல. உங்க யோசனைன்னு அந்த உயரமான தம்பி சொன்னார்."

அவள் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு சொல். சொன்னால் சம்பளம், குழு, ஊர் ஊராய் மேடைகள். ஒவ்வொரு மேடையிலும் ஒரு விளிம்பு. முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? சொல்லாவிட்டால் ஒட்டடை பொய்யன் ஆகிவிடுவான்.

"அவர் எனக்காகச் சொன்னாரு," என்றாள். "அது யோசனை இல்லைங்க. எனக்கு மாலைக்கண். சோபாவ நகர்த்தினதுல வழி தெரியல. பயத்துல உக்காந்துட்டேன். காட்சியக் காப்பாத்தினது அவரு."

எழுதுவது நின்றது.

"ஒரு வருஷமாவா?"

"ஆமாங்க."

"மாசத்துக்குப் பதினஞ்சு மேடை போறோம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

"தெரியுங்க."

"விழுந்தீங்கன்னா?"

"ஒருமுறை வெளிச்சத்துல நடந்து பாத்தா விழமாட்டேன். இன்னைக்குக் கேட்டேன். நேரமில்லைன்னாங்க."

"ஏன்னு நீங்க சொல்லலையே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பொறுப்பாளர் குரல் வந்தது. அவர் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது. "சொல்லியிருந்தா நானே கையப் புடிச்சு நடத்தியிருப்பேனே!"

தலைவி மேடையைக் கையால் காட்டினார். "ஏறுங்க. ஒருமுறை நடந்துக்குங்க. அப்புறம் அணைக்கச் சொல்றேன்."

அவள் ஏறினாள். சோபாவில் உட்கார்ந்தாள். எழுந்து திரும்பி நடந்தாள். ஒன்பது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ வேணுமா?"

வேண்டும் என்றுதான் இருந்தது. "வேண்டாங்க."

இருட்டு. இந்த முறை முழங்கையில் யார் கையும் இல்லை. எழுந்தாள். திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தரை சரியாக இருந்தது. நாலு, ஐந்து. ஆறில் சந்தேகம் வந்தது, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டோமோ என்று. நின்றால் கணக்குத் தப்பும். ஏழு. எட்டு. கையை நீட்டினாள். ஒன்றுமில்லை.

ஒன்பது.

துணி.

அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வர ரொம்ப நேரம் ஆனது.

"இருட்டுல எனக்கு மட்டும் என்ன தெரியும்? காலடிதான் கேட்டுச்சு," என்றார் தலைவி. "ஆறுல கொஞ்சம் தயங்கினீங்க."

"ஆமாங்க."

தலைவி பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு ஊர்லயும் இவங்களுக்கு அரை மணி நேரம் மேடை வேணும். முடியுமா?"

"சோபாவ நகர்த்தாம இருந்தா முடியும்."

"நகர்த்துவோம். அது நம்ம தொழில்." படிவத்தை மேடை விளிம்பில் வைத்தார். "ஒரு கேள்வி காலியா இருக்கு. எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆறு மாசம் பாப்போம். அதுக்குள்ள ஒருமுறை விழுந்தாலும் அவ்வளவுதான்."

"அவரு?"

"எந்த அவரு?"

"உயரமா இருக்கறவரு. பொய் சொன்னாருன்னு..."

"அவர் பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். நல்லா நடிக்கிறவர், பொய் மட்டும் வரல. அவர் விஷயத்த அவர்கிட்ட பேசிக்கறேன்."

அதற்கு மேல் கேட்க அவள் துணியவில்லை. மேடை விளிம்பில் காகிதத்தை வைத்து, பதினேழாவதற்கு எதிரே ஒரே வார்த்தை எழுதினாள்.

வெளியே தங்கை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம்க்கா! இன்னும் கால் மணி போச்சுன்னா ரெண்டு பேரும் இங்கயே படுத்துக்க வேண்டியதுதான். என்னாச்சு?"

"ஆறு மாசம்."

"அப்புறம்?"

"தெரியாது."

"ஒட்டடைக்கு?"

"அதுவும் தெரியாது. நட."

தங்கை கையைக் கோத்துக்கொண்டாள். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. வெளிச்சம் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது.

"பஸ் நிறுத்தத்துக்கு எத்தன?" என்றாள் தங்கை.

"நூத்தி நாப்பது. எண்பதுல ஒரு குழி இருக்கு."

இருவரும் எண்ணத் தொடங்கினார்கள்.