பாலத்தில் பள்ளம்

அமரர் ஊர்தி மருத்துவமனை வாசலைத் தாண்டிப் பழைய சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது, “புது ரோட்டுல போங்க” என்றாள் மகள்.

அது இன்னும் திறக்கவில்லையே, குறுக்கே பீப்பாய் வைத்திருக்கிறார்களே என்றார் ஓட்டுநர். தெரியும் என்றாள். வைத்தவரே பின்னால்தான் படுத்திருக்கிறார் என்றும் சொன்னாள். ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

நகரத்தை விரைவுச்சாலையோடு சேர்க்கும் அந்த இணைப்புச் சாலைக்கு நான்கு வருடமாக அப்பாதான் மேற்பார்வையாளர். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘ரூல்தடி’ என்பார்கள். ஒருமுறை கான்கிரீட்டுக்கு ஒருநாள் தண்ணீர் விட மறந்துவிட்டார்கள் என்று, கல்லாக இறுகிப்போன தளத்தை உடைக்க வைத்தார். உடைத்த பிறகு பார்த்தால் உள்ளே ஒரு குறையும் இல்லை. அதற்கும் அசரவில்லை, மனிதர். பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டிலும் அப்படித்தான். அம்மா முப்பத்தைந்து வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதைக் குறை சொல்வதற்கில்லை. தெரு முனை தாண்டியதும் புதுச் சாலை ஆரம்பிக்கிறது. அதன் மறுமுனையில்தான் பெரிய மருத்துவமனை. பதினோரு நிமிட வழி. ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பீப்பாய்களையும் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று இறங்கப் பார்த்தார். அப்பா முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் முகமூடியை இழுத்துக் கழற்றினார்.

“பாலத்துல ரெண்டு தளமும் சேர்ற எடத்துல ஜாயிண்ட் இன்னும் போடல. ஒரு முழத்துக்குப் பள்ளமா கெடக்கு. சக்கரம் இறங்கிடும். சுத்திப் போங்க.”

பலகை ஏதாவது போட்டுத் தாண்டிவிடலாமே என்று மகள் கெஞ்சினாள்.

“பலகை மேல வண்டிய ஏத்தக் கூடாது” என்றார் அப்பா.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை, இவளைப் பற்றியும் ஒன்றும் இல்லை. பலகை மேல் வண்டியை ஏற்றக் கூடாது! எந்தப் பெண்ணுக்காவது அப்பன் இப்படிச் சொல்லிவிட்டுப் போவானா?

பழைய சாலையில் சந்தைக்குப் போகிற லாரிகள். அப்புறம் ரயில் கேட். சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்தபோது, அவள் பிடித்திருந்த கை திருப்பிப் பிடிப்பதை நிறுத்தியிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அவளுக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் அப்பா சொன்னது சரி, வேறு வழி இருக்கவில்லை, தலையெழுத்து என்று விட்டுவிடலாம். பார்த்துவிட்டுத் திரும்பிப் பழைய சாலையிலேயே போய்க்கொள்ளலாம். பார்க்காமல் வீட்டுக்குப் போய் அம்மா முகத்தில் விழிக்க அவளால் முடியாது.

புதுச் சாலையின் வாயிலில் தகரக் கொட்டகையிலிருந்து காவலாளி வந்தார். வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாலம் வரைக்கும் போக வேண்டும், பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றாள். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, பீப்பாய்களை உருட்டினார். பிறகு தானும் வருவதாகச் சொல்லி முன்னால் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கத்துப் பீப்பாயை யாராவது நகர்த்த வேண்டுமாம். அந்தப் பக்கம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

சாலை கறுப்பாக, ஒரு தூசி இல்லாமல் கிடந்தது. ஓரக் கோடுகள்கூடப் போட்டாகிவிட்டன. பாலம் ஏறியதும் மெதுவாகப் போகச் சொன்னாள். முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நிமிடமும் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார் என்று ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவில்லை. வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது.

“பள்ளம் எங்க?” என்றாள்.

காவலாளி திரும்பாமலே பதில் சொன்னார்.

“தாண்டிட்டோம்மா. மூணு நாள் முன்னாடியே ஜாயிண்ட் போட்டாச்சு. சீக்கிரம் இறுகுற கலவை. நேத்து லோடு லாரி விட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகல.”

“அப்பாவுக்கு ஏன் சொல்லல?”

“சார் காய்ச்சல்ல வீட்ல இருந்தாரு. நான் வராம ஜாயிண்ட்ல கை வைக்கக் கூடாதுன்னுட்டாரு. மேல இருந்து ஒரே நெருக்கடி. தெரிஞ்சா உடைக்கச் சொல்லிடுவாருன்னு பயம். திங்கக்கிழமை வந்து அவரே பார்த்துக்கட்டும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு.”

காய்ச்சல் வந்ததிலிருந்து தினமும் மாலை மேஸ்திரி அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடுவார். அவர் குரல் பக்கத்து அறைவரை கேட்கும். எல்லாம் அப்படியே இருக்கு சார், நீங்க வந்துதான். அப்பா நிம்மதியாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பார்.

யாரைத் திட்டுவது? மேஸ்திரியையா, இந்தத் தொப்பிக்காரரையா? சரியாகச் செய்த வேலையைச் சொல்லவே பயப்படும்படி அத்தனை பேரையும் பழக்கி வைத்த இந்த மனிதரையா? பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை உலுக்கி எழுப்பி, கேட்டீங்களா, கேட்டீங்களா என்று கத்தத் தோன்றியது. அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வைத்தாள்.

காவலாளி இறங்கிப் பீப்பாயை உருட்டினார். வண்டி தெருவுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டுக்காரர் அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் வேறு ஒருவரும் இல்லை. முன்னறையில் அம்மா தனியாளாக, அப்பாவைக் கிடத்த நீளப் பெஞ்சை ஒரு பக்கம் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா?” என்றாள்.

மகள் உள்ளே போய், பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தாள்.