தூங்கப் போன தையல் மெஷின்

கண்ணுகளா, பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம் பார்த்துத்தான் தையல்காரியின் மெஷின் காணாமல் போனது. மேஜை அப்படியே நிற்கிறது, மேலே இருந்த மெஷினை மட்டும் காணோம். தெருப் பிள்ளைகளின் சீருடைத் துணியெல்லாம் வெட்டியபடி கிடக்கிறது. அந்தத் தையலை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பே எரிந்தது.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்காரர். ஜீப்பைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தினார். வாலிபப் பையன்களைச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தார். வீடு வீடாகப் புகுந்து கட்டிலடி, பீரோ, அரிசி டின் வரை கிளறினார். தையல்காரி வீட்டுக்கு நேர் மேலே மாடியில் குடியிருந்த கிடங்கு வாட்ச்மேன், யூனிபாரத்தோடு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். காவல்காரர் வீட்டையே சோதிப்பதா என்று இன்ஸ்பெக்டர் அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டார். மெஷின் கிடைக்கவில்லை. தெருவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் ஏட்டக்கா நடந்து வந்தாள். அந்த ஸ்டேஷனிலேயே தலை நரைத்த பெண் ஏட்டு அவள். தையல்காரி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திருடன் யார் என்று கேட்கவே இல்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "மெஷின் இல்லாம எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"என் ரவிக்கை ஒத்தக் கையோட நிக்குது ஏட்டக்கா. அப்படியே கல்யாணத்துக்குப் போகவா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"அந்தக் கடகட சத்தம் இல்லாம எங்க பாப்பா தூங்கவே மாட்டேங்குது" என்றான் பக்கத்து வீட்டு மெக்கானிக்.

அப்போது வாட்ச்மேன் படியிறங்கி வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"என்ன அண்ணே, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க?"

"ராத்திரி பூரா முழிக்கிறவன் நான். இப்பத்தான் ஏட்டம்மா, பகல்ல மனுஷனாத் தூங்குறேன்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப மெஷினும் மேலதான் தூங்குதா?"

மனிதர் மேலே போய், போர்வை சுற்றிய மெஷினைப் பச்சைப்பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"அது தூங்கினா என் அடுப்பும் தூங்கும்னு தோணலையா உங்களுக்கு?" என்றாள் தையல்காரி.

"ஒரு நாள் தூங்கிட்டுத் திருப்பி வெச்சிடலாம்னு நெனச்சேம்மா. அதுக்குள்ள ஜீப்பு வந்துடுச்சு. பயந்துட்டேன்."

தகவல் தெரிந்து இன்ஸ்பெக்டர் வந்தார். "இதைச் சும்மா விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு எடுப்பாங்க. கேஸ் எழுதுங்கக்கா."

"எழுதலாம் சார். இவருக்கு வேலை போகும். அப்புறம் ராத்திரி பகல் ரெண்டும் மேலதான் இருப்பாரு. இவ எப்பத் தைக்கிறது?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேஸ் வேணாம் சார். காலையில காஜாவும் பட்டனும் கையால தைக்கிறேன், சத்தமே வராது. அண்ணே, நீங்க முழிச்சதும் தரையைத் தட்டுங்க. அப்புறம் மெஷின்ல உக்காருறேன்."

"சரி. ஆனா சுவரோரம் நின்ன பசங்ககிட்ட இவர் மன்னிப்புக் கேட்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நிக்க வெச்சது இவரில்லையே சார்" என்றாள் ஏட்டக்கா.

இன்ஸ்பெக்டர் காது சிவந்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, பையன்கள் நின்ற மூலைக்கு நடந்தார். வாட்ச்மேனும் பின்னாலேயே ஓடினார்.

அடுத்த நாள் மதியம் மேலே 'டொம் டொம்' என்று கேட்டது. தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள். எதிர்வீட்டுக்காரி ரவிக்கையின் இன்னொரு கைதான் முதலில் மெஷினில் ஏறியது.