கைக்கு எட்டும் தூரம்

கதைக்காரி காதல் நாவல் எழுதிப் பிழைப்பவள். அதுவும் கட்டில் வரைக்கும் போகிற காதல். இரண்டு பூக்களை முட்டவிட்டு விளக்கை அணைக்கிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது. மாதம் ஒரு புத்தகம், அட்டையில் புனைபெயர். படிப்பவர்கள் ஏராளம், படித்ததாக ஒப்புக்கொள்பவர்கள்தான் யாருமில்லை.

அவளோடு வாழ்ந்தவள் தையல்காரி. கூடத் தங்கியிருந்தவள் என்று சொல்லிவிடாதீர்கள், அவளுக்குக் கெட்ட கோபம் வரும். வாழ்ந்தவள். ஒன்பது வருஷம், மாடியில் ஒரே அறை, ஒரே கட்டில். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் தையல்காரியின் வலது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் வாருமாக ஒரு காலிப்பர், கக்கத்தில் ஒரு ஊன்றுகட்டை. தெருமுனைக் கடையில் பேன்ட்டைச் சுருக்குவாள், ஜிப் மாற்றுவாள், வருகிறவர்களை வாயாலேயே தைத்து அனுப்புவாள். காலிப்பருக்கு அவள் வைத்த பெயர் இரும்புக்காரன். "என் கட்டில்ல வந்த ஒரே ஆம்பளை இவன்தான். இவனையும் கழட்டி வச்சுட்டுத்தான் நான் படுப்பேன்" என்பாள்.

மதியம் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மாடியேறி வந்து படுப்பாள். கட்டை கட்டிலோரம், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. கதைக்காரி அன்றைக்கு எழுதியதை உரக்க வாசிப்பாள். தப்பு வந்தால் தையல்காரி கட்டையால் தரையில் ஒரு தட்டு தட்டுவாள்.

டக்.

"கால் எங்கடி?"

எல்லாம் தையல்காரி ஆரம்பித்து வைத்ததுதான். "உன் கதையில வர்றவளுங்க எல்லாம் ஓடுறாளுங்க, தாவுறாளுங்க, செவுத்துல சாஞ்சுக்கிட்டே முத்தம் குடுக்குறாளுங்க. என்னை மாதிரி ஒருத்திக்கு ஆசையே வராதா? வந்தா எந்தப் பக்கமாப் படுப்பா? அதை எழுது பாப்போம், நீ பெரிய எழுத்தாளர்தானே!"

அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் புது நாவல். அதில் காலிப்பர் போட்ட ஒரு தையல்காரி, அவள்மேல் பைத்தியமாக இருக்கும் ஒரு மருந்துக்கடைக்காரி. சுலபமாக வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முத்தம் ஆரம்பித்ததும் கதைக்காரியின் பேனா பழைய பழக்கத்தில் ஓடும், நாயகி துள்ளி எழுவாள். டக். "துள்ளுறதுக்கு நான் என்ன தவளையா?" உடைகள் நழுவும். டக். "அஞ்சு வாரையும் அவிழ்த்தது யாரு? தானாக் கழண்டுச்சா? அஞ்சையும் எழுது. அவசரம் உனக்குத்தான், படிக்கிறவளுக்கு இல்ல." கதைக்காரி தாளைச் சுருட்டி அவள்மேல் எறிவாள். பிறகு கட்டிலில் ஏறி, எப்படி என்று நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

புத்தகம் பாதியில் நிற்கும்போதே தையல்காரி செத்துப்போனாள். கட்டிலிலிருந்து இறங்கும்போது தரை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள், தலையில் அடி. கதைக்காரி எல்லாரிடமும் சொன்னது இவ்வளவுதான்.

தையல்காரியின் அண்ணன் வந்தார். சாமான்களைக் கட்டினார். கட்டை, காலிப்பர் ஒன்றையும் விடவில்லை. வந்தவர்களிடம் கதைக்காரியைக் காட்டி, "கூடத் தங்கியிருந்த பொண்ணு" என்றார். பழைய புலம்பலையும் விடவில்லை. "காலுதான் அப்படின்னா, ஆசையும் இப்படி. ஒருத்திக்கே ரெண்டுமா?" கதைக்காரிக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு மதியம், பழக்கதோஷத்தில் வெறும் கட்டிலுக்கு வாசித்தாள். 'அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்' என்ற இடம் வந்தது.

டக்.

கதவோரத்திலிருந்து வந்தது. கதைக்காரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேறு யாராவது என்றால் அலறிக்கொண்டு கீழே ஓடியிருப்பார்கள். இவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள். டக். தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "வந்துட்டியாடி" என்று ஓவென்று அழுதாள்.

அன்றிலிருந்து திருட்டுத்தனம் ஆரம்பமானது. சரியாக எழுதினால் அறை அமைதியாக இருந்தது. தப்பாக எழுதினால் சத்தம் வந்தது. அப்புறம் என்ன? நாயகி மாடிப்படியில் தாவினாள், மழையில் ஆடினாள், ஒரு தடவை மரம்கூட ஏறினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். பாவி, எழுத்து கெட்டாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதினாள். மாதங்கள் போயின, புத்தகம் மட்டும் முடியவில்லை.

கடைசி அத்தியாயம் தவிர மற்றதெல்லாம் கைக்கு வந்திருந்த பதிப்பாசிரியர் போன் செய்தார்.

"மேடம், ரெண்டு பொண்ணுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. இப்பல்லாம் கேட்டு வாங்குறாங்க. ஆனா அந்தக் காலு... கடைசியில ஒரு ஆபரேஷன் வச்சு நடக்க விட்டுடலாமே? ஒருத்திக்கே ரெண்டுமா மேடம்?"

கதைக்காரி இந்தத் தடவை விழுங்கவில்லை. "ரெண்டும் அவதான் சார். அவ கால் அவகிட்டதான் இருக்கும்."

"சரி, உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கடைசி அத்தியாயம் வரணும். வரலன்னா நானே ஆள வச்சு முடிச்சிடுவேன். விளம்பரம் போயாச்சு."

ஆள் வைத்து முடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? யாரோ ஒருவன் மூன்று பக்கத்தில் தையல்காரியை எழுந்து ஓட வைத்துவிடுவான். ஒன்பது வருஷம் அவள் தொட்ட கால் உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போய்விடும்.

புதன்கிழமை உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒழுங்காக எழுதினாள். மருந்துக்கடைக்காரி மேலேயிருந்து ஒவ்வொரு வாராக அவிழ்த்தாள், ஐந்தையும். தோல் அழுத்திய தடம் தொடையில் சிவந்து கிடந்தது. அந்தத் தடத்தில் உதட்டை வைத்து அது மங்கும் வரை எடுக்கவில்லை. மெலிந்த முழங்காலுக்குக் கீழே தலையணை. இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தவள், "இன்னும் என்னடி யோசனை, வா" என்று சிரித்தாள். எழுதும்போதே கதைக்காரிக்கு உடம்பு சுட்டது, கண்ணும் நிறைந்தது. இதைவிட நிஜமாக எழுத முடியாது.

மூன்று மணிக்கு வாசித்தாள். சத்தம் வராது என்று தெரியும். மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வாசித்தாள்.

டக்.

திடுக்கிட்டாள். வார் எண்ணிக்கை சரி. பக்கம் சரி. தலையணை சரி. மறுபடி வாசித்தாள். டக். வியாழக்கிழமை முழுக்க மாற்றி மாற்றி எழுதினாள், அதே டக். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகப் பயம் வந்தது. இத்தனை நாள் வந்த சத்தம் அவள் வரவழைத்தது. இது அவளுக்குத் தெரியாத தப்பு. அப்படியென்றால் தையல்காரியை மறக்க ஆரம்பித்துவிட்டாளா?

"எதடி தப்பு? தட்டிக்கிட்டே இருக்கியே, வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!"



வெள்ளிக்கிழமை மதியம் கட்டிலில் தையல்காரியின் இடத்தில் படுத்து, இடப்பக்கம் திரும்பி, முதலிலிருந்து மெதுவாக வாசித்தாள். ஒரு வரி வந்தது. 'மருந்துக்கடைக்காரி அவளுடைய கட்டையை வாங்கி, கதவோரச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.'

டக்.

கதைக்காரியின் கை தானாகக் கட்டிலுக்கு வெளியே நீண்டு துழாவியது. ஒன்றும் தட்டுப்படவில்லை.

விழுந்த அன்றைக்குத் தையல்காரியும் இப்படித்தான் துழாவியிருப்பாள்.

அன்றைக்குத் தையல்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். கதைக்காரி அறையைத் துடைத்தாள். துடைக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று கட்டையை எடுத்துக் கதவோரம் சாய்த்து வைத்தாள். துடைத்ததும் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். ஐந்தே நிமிஷம். எழுந்தவள் கூப்பிட்டிருப்பாள், கேட்கவில்லை. ஈரத்தரையில் ஒற்றைக் காலால் கதவை நோக்கி வந்திருக்கிறாள். இதை அண்ணனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் ஏன் எப்போதும் கதவோரத்திலிருந்தே வருகிறது என்று தன்னையே ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான்டி எடுத்து வச்சேன்" என்றாள். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். "ஒன்பது வருஷத்துல நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுவும் எனக்கு மறந்துபோச்சு. மன்னிச்சுக்கோடி."

பேனாவை எடுத்தாள். எடுத்த கை நின்றது. இந்த ஒரு வரியை மாற்றிவிட்டால் இனி தட்ட எதுவும் இல்லை. மாற்றாமலே அனுப்பினால்? படிக்கிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தினமும் மூன்று மணிக்குத் தையல்காரியும் வந்துகொண்டே இருப்பாள். கட்டை எட்டாமல், கதவோரத்திலேயே தட்டிக்கொண்டு இருப்பாள்.

கதைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்து எழுதினாள். எழுந்து உட்கார்ந்து உரக்க வாசித்தாள்.

'மருந்துக்கடைக்காரி கட்டையைக் கட்டிலோரம், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். பிறகுதான் அவளைத் தொட்டாள்.'

அமைதி. சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டி ஒரு நிமிஷம்.

டக்.

இந்தத் தடவை கட்டிலுக்குப் பக்கத்தில். கூடவே இரும்பு லேசாக முனகியது. மறுபடி ஒரு டக், ஓரடி தள்ளி. இத்தனை மாதம் ஒரே இடத்தில் நின்ற சத்தம் நடந்தது. டக், முனகல், டக், முனகல். மேஜையைத் தாண்டியது, கதவைத் தாண்டியது, மாடிப்படியில் இறங்கியது.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கதைக்காரி கட்டிலின் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பாத்துப் போடி" என்றாள். "தரை காஞ்சிடுச்சு."