யானைக்குப் பேன் பார்த்தவன்

கால்நடை மருத்துவம் படித்தபோது, பிற்காலத்தில் ஏணியில் ஏறி நின்று யானைக்குப் பேன் பார்ப்பேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண் கொடுத்தவர்கள் யோசித்திருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை, என் மனைவியின் தம்பிதான், இந்த யானை முகாமின் மேலாளர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே.

எங்கள் யானை பெரியவளின் காது மடிப்பெல்லாம் பேன். சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கழுத்துத் தோல் ரத்தமாக உரிந்திருந்தது. போன முறை மருந்து பூசிய அன்றே நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மச்சான் அவளைக் கழுவி, எண்ணெய் பூசி மினுக்கிவிட்டான். மருந்து சாக்கடைக்குப் போனது. பேன் பெற்றுப் பெருகியது.

இன்று மறுபடி பூசினேன். நாளை வரை தண்ணீர் படக்கூடாது. மச்சான் எண்ணெய் டப்பாவோடு வந்தான்.

"என்ன மாமா, அரைகுறையா வெள்ளையடிச்ச சுவர் மாதிரி நிக்கிறா? குளிப்பாட்டுங்க. விருந்தாளிங்க வந்துட்டாங்க."

"முடிஞ்சா குழாயைத் திற."

திறக்கப் பிடி இல்லை. கழற்றி என் கால்சட்டைப் பையில் போட்டிருந்தேன். வீரம்தான், கனத்தில் கால்சட்டை நழுவியதுதான் சங்கடம்.

"விளையாடாதீங்க. குடுங்க."

"தர மாட்டேன்."

"அக்காவுக்குப் போன் போடுவேன்."

"போடு. அவளுக்கும் பதில் வெச்சிருக்கேன்." வைத்திருக்கவில்லை.

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க!"

"வருவேன். நாளைக்குத்தான் மருந்தைக் கழுவணும். கேட்டைப் பூட்டினா சுவரேறிக் குதிப்பேன். ஏணி என்கிட்டதான் இருக்கு."

அதற்குள் விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"இது அபூர்வமான வெள்ளைப் புள்ளி வகைங்க," என்று மச்சான் இளித்தான்.

"பொய்ங்க," என்றேன், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி. "இவளுக்குப் பேன். மருந்து போட்டிருக்கேன், யாரும் தொடாதீங்க. மனுசங்க மேல ஒட்டாது, பயப்படாதீங்க."

யாரும் பயப்படவில்லைதான். ஆனால் முன்னால் நின்ற அம்மாளின் விரல் மெல்லக் கூந்தலுக்குள் போனது. அவர் கணவர் பிடரியைத் தடவினார். கேமராக்காரர் கேமராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஆரம்பித்தார். மச்சான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, என்னை முறைத்தபடியே சொறிந்தான். எனக்கும்தான் அரித்தது, கால்சட்டையை விட முடியவில்லை.

பெரியவள் மட்டும் சும்மா நின்றாள். சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை.