தெருவுக்குக் கொடுத்த சீனி

சேக் இஸ்மாயில் ராவுத்தர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து போன பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தால், படித்து முடித்த கையோடு தெருவில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் சீனி போகும். அவருடைய தகப்பனார் நாளிலிருந்து தெற்குவாசலில் அந்தத் தெருவே அறிந்த வழக்கம். சீனி வந்தால் ரங்கூனில் இருக்கும் அவர்கள் கடையில் எல்லோரும் சுகம் என்று பொருள்.

ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்து மூன்று மாதமாகியும் மூத்தவன் முஜிபுர் ரஹ்மானிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைவீதியில் ராவுத்தரைக் கண்டால் ஆட்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கவும் செய்தார். இரக்கத்தை வாங்கிப் பழகாத குடும்பம் அது. மே கடைசியில் ஒரு மத்தியானம் ராவுத்தர் தெற்குவாசல் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, “லெட்டர் வந்துருச்சு. கல்கத்தாவுல சுகமா இருக்கானாம்” என்றார். சீனி கிடைக்காத அந்த நாளிலும் ஒரு வீடு விடாமல் கொடுக்கச் சொன்னார்.

கடிதம் எதுவும் வரவில்லை. எப்படியும் வரத்தானே போகிறது, நாலு நாள் முன்னதாகச் சொன்னதாக இருக்கட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். மூத்தவன் மனைவி அமீருன்னிசா அன்று பல நாளைக்குப் பிறகு தலைவாரிப் பூ வைத்தாள். கடிதத்தைக் கேட்டபோது, “கடைப் பெட்டியில இருக்கும்மா” என்றார். அதன் பிறகு அவள் இருக்கும் பக்கம் அவர் அதிகம் பார்ப்பதில்லை.

நாலு நாள் போய் நாலு வாரமும் போயிற்று. இளையவன் அப்துல் வஹீதுக்குத் திருச்சியில் கல்லூரி திறக்க இரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்னும் ஒரு நாள் முழுக்க அவனை ஊர் சுற்றக் கூட்டிப் போவது ராவுத்தருக்குப் பிடித்த வேலை. அவன் ஆசைப்பட்டதைத் தின்னலாம், குடிக்கலாம். சித்திரப் பைத்தியமான அவன் எங்கே நிற்கிறானோ அங்கே அவரும் நிற்பார்.

“இந்தத் தடவை வேணாமே” என்றாள் அவர் மனைவி மைதீன் பீவி. “எனக்கு மனசு சரியில்ல.”

“லெட்டர் வந்த வீட்டுல மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா? போகலேன்னாத்தான் தெரு கேக்கும்.”

தும்பைப்பூவாய் வெளுத்த சட்டையும் துருக்கித் தொப்பியுமாக மகனுடன் புறப்பட்டார்.

பாய் கடையில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் ஆவி பறக்க வந்தன. வஹீது நாலு ஆப்பத்தை முடித்து ஐந்தாவதைக் கேட்டான். கடைக்காரர் ஒரு நல்ல எலும்பைக் கரண்டியில் தூக்கிக் காட்டி, மறுபடி சட்டிக்குள் விட்டார். “இது உங்க மூத்தவருக்கு. கல்கத்தாவுலேர்ந்து எப்ப வாராக? அவுக வர்ற அன்னிக்கு இந்தச் சட்டியே உங்க வீட்டுக்குத்தான்.”

“வருவான்” என்றார் ராவுத்தர். மீதி ஆப்பத்தை மகன் தட்டுக்குத் தள்ளினார்.

அங்கிருந்து வண்டி பிடித்து வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் போனார்கள். நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதும் நல்லகாமனின் பட்டறை அங்கே இருந்தது. புதுத் திரை ஒன்று மூங்கிலில் கட்டித் தொங்கியது. துறைமுகம், கப்பல்கள், வானம் முழுக்கச் சிவப்பு. வஹீது மூக்கு உரச நின்று பார்த்தான்.

“யுத்த நாடகமாம் தம்பி. கப்பல் எரியணும்னு காண்ட்ராக்டர் சொல்லிப்புட்டாரு. நான் கண்டேனா கப்பலை? வைகையில பரிசல் பார்த்ததுதான்.” நல்லகாமன் தூரிகையைத் துடைத்துக்கொண்டு ராவுத்தரிடம் திரும்பினான். “அண்ணே, உங்க மூத்தவரு எல்லாத்தையும் நேர்ல பார்த்திருப்பாருல்ல? அடுத்த லெட்டர்ல கேட்டு எழுதுங்க, புகை கறுப்பா இருந்துச்சா வெள்ளையான்னு.”

ராவுத்தர் திரையைப் பார்த்தார். கப்பலை நோக்கி ஓடும் ஆட்களுக்கு அவன் இன்னும் முகம் எழுதவில்லை.

குளம் வறண்டு கிடந்தது. படித்துறையில் உட்கார்ந்து இருவரும் பருத்திப்பால் குடித்தார்கள். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இதமாக இறங்கின. வஹீது பாதி குடித்த டம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான்.

“அத்தா, போறதுக்கு முந்தி அண்ணன் லெட்டரை ஒருக்கா படிக்கணும்.”

“கடையில இருக்கு.”

“நேத்து நான் கடைப் பெட்டியைப் பார்த்தேன்.”

குளத்தின் நடு மண்டபத்திலிருந்து ஒரு பருந்து எழும்பி வட்டமிட்டது. “பாலைக் குடி, ஆறுது” என்றார் கடைசியில். அவன் குடிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெருமுனைக்குத் திரும்பினார்கள். சோடாக் கடைச் சின்னான் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தான்.

“ராவுத்தரே, மத்தியானம் எழுமலைக்காரரு ஒருத்தரு உங்க வீட்டைத் தேடி வந்தாரு. கருத்தக்கண்ணன்னு பேரு, உங்க ரங்கூன் கடையில வேலை பார்த்தவராம். பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தவராம், காலெல்லாம் புண்ணு. உங்க மூத்தவரை ஏதோ ஆஸ்பத்திரியில பேச்சுமூச்சு இல்லாம விட்டுட்டு வந்தாராம். யாராச்சும் உடனே போகணும்னாரு. நான்தான் சொன்னேன், ‘அட, அவரு கல்கத்தாவுல சுகமா இருக்காரய்யா, லெட்டர் வந்து தெருவுக்கே சீனி கொடுத்தாச்சு’ன்னு. மனுசன் என் கையைப் பிடிச்சுக் கும்பிட்டுப்புட்டு, அப்படியே பஸ்ஸுக்குப் போயிட்டாரு.”

“எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னாரா?” என்று கேட்டான் வஹீது.

“பொழைச்ச ஆளைப் பத்தி நான் எதுக்குத் தம்பி கேக்கப் போறேன்?”

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்தார். “அது பழைய சேதி, சின்னான். எங்களுக்குத் தெரிஞ்சதுதான்.”

பத்தடி தாண்டியதும் வஹீது அவர் கையைப் பிடித்தான். “அத்தா, கார் பிடிச்சு இப்பவே எழுமலைக்குப் போவோம்.”

“விளக்கு வச்ச நேரத்துல கார் பிடிச்சு ஓடினா தெரு என்னன்னு நினைக்கும்? காலையில முதல் பஸ்ஸுல போவோம். கடை வேலையாப் போறோம்னு வீட்டுல சொல்லு.”

அவன் கையை விட்டான்.

மறுநாள் எழுமலையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் கருத்தக்கண்ணன் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. இவர்களைக் கண்டதும் எழ முயன்றான்.

“முதலாளி, நீங்களா? சின்ன முதலாளி பொழைச்சுட்டாகன்னு கேட்டு நேத்துத்தான் நிம்மதியாத் தூங்குனேன்.”

“அவன் எங்கே இருக்கான்?” என்றார் ராவுத்தர்.

கருத்தக்கண்ணன் ஒன்றும் புரியாமல் வஹீதைப் பார்த்தான். “லெட்டர் போட்டாகளே?”

“லெட்டர் வரலே.” அந்த வார்த்தையை அவர் முதல் முறையாக வெளியே சொன்னார். கேட்க அங்கே தெரு இல்லை.

“அடக் கடவுளே.” அவன் குரல் தாழ்ந்தது. “ஊரு பேரு எனக்கு வாயில நுழையல முதலாளி. எனக்கே காய்ச்சல். ரெண்டு ரயிலு மாறுனோம். ஆஸ்பத்திரி பேரு, வார்டு எல்லாம் அங்கே ஒரு கம்பவுண்டர் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. உசிரைப் போல மூட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்.”

“மூட்டை எங்கே?”

கருத்தக்கண்ணன் கை நீட்டினான். பாதையோரம் கல் அடுக்கிய இடத்தில் சாம்பல் இன்னும் லேசாகப் புகைந்தது.

“அங்கேயிருந்து வாரவுக காலராவைக் கொண்டாந்துருவாகன்னு ஊருல கட்டுப்பாடு. ராவு முழுக்க இந்த மரத்தடியில இருந்தேன். விடியக்காலம்தான் என் பொஞ்சாதி புது வேட்டி கொண்டாந்தா. பழசையெல்லாம் மூட்டையோட எரிச்சாக. சீட்டை எடுத்து வச்சிருப்பேன்...” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நீங்கதான் சீனி கொடுத்துட்டீகளே முதலாளி.”

வஹீது சாம்பலருகே மண்டியிட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். தகப்பன் கூப்பிட்டதற்கு அவன் திரும்பவில்லை. ராவுத்தர் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு வெளுத்த சட்டையோடு அவரும் மண்டியிட்டு, சூடு ஆறாத சாம்பலுக்குள் கையை விட்டார்.