பன்னிரண்டாவது பெயர்

போதகர் எபனேசர் இரத்தினசிங்கத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில், கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த அவருடைய சிறிய ஆலயத்தில், ஞாயிறு அறிக்கைத் தாளில் ஓர் எழுத்துப் பிழை வந்துவிட்டால் அறுபது பிரதியிலும் பேனையால் திருத்திவிட்டுத்தான் பிரசங்க மேடையில் ஏறுவார். சபையார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழியில் அந்தப் பெருமைதான் அவர் கழுத்தைப் பிடித்தது.

நத்தார் காலத்தில் வீடு வீடாகக் கரோல் பாடப் போவதென்றால் அந்த யுத்த நாட்களில் பொலிஸ் அனுமதி வேண்டும். தமிழர் பத்துப் பேர் சேர்ந்து பொழுதுபட்ட பிறகு தெருவில் நடந்தால், தோளில் தொங்குவது கிற்றார்தான் என்று சோதனைச் சாவடிக்காரனுக்கு யார் போய்ச் சொல்வது? ஆகவே பாடப் போகிறவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடியிருக்கும் விலாசம் எல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றச் சபைகளில் ஏழெட்டுப் பெயரை எழுதி, எல்லாருக்கும் கோயில் விலாசத்தையே போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். நம்முடைய போதகர் ஒவ்வொருவராகக் கேட்டு, இலக்கங்களை இரண்டு முறை சரிபார்த்து எழுதினார். கடிதத்தின் தலைப்பில் மட்டும் போன வருடக் கடிதத்தின் வசனத்தையே அப்படியே அச்சடித்தார்: கீழ்க்காணும் அனைவரும் எமது சபையின் அங்கத்தவர்கள்.

பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் சிவமணி.

சிவமணி சபைக்காரி அல்ல. யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தவள். கணவன் குகதாசன் ரொறன்ரோவில் இருந்தான். கலியாணம் முடிந்து நாலு வருடம். அதில் இருவரும் சேர்ந்திருந்தது இருபத்துமூன்று நாள். மார்கழி பதினெட்டாம் திகதி அவனிடம் போவதற்கு அவளுக்குக் கனடாத் தூதரகத்தில் விசா நேர்முகம் வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் பாமன்கடையில் பைறோஸா என்ற அம்மாவின் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தாள். ஒரு பின்னேரம் ஆலயத்தைத் தாண்டிப் போனவள் கரோல் பயிற்சியைக் கேட்டு வாசலில் நின்றாள். அடுத்த நாள் பின்வரிசை வாங்கில் இருந்தாள். மூன்றாம் நாள் பாடினாள். சங்கீதம் முறைப்படி படித்த குரல். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கூட்டம் அவளுடைய குரலைப் பிடித்துக்கொண்டு ஒரு வழிக்கு வந்தது. போதகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பட்டியலுக்கு விலாசம் கேட்டபோது அவள் தயங்கினாள். வெளியிலிருந்து கொழும்புக்கு வரும் தமிழர் தங்குமிடத்தைப் பொலிஸில் பதியாவிட்டால் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது.

“என்ர பேர் கட்டாயமோ ஐயா? நான் முதல் லொட்ஜிலதான் நிண்டனான். பொலிஸ் பதிவும் அங்கதான். இஞ்ச மாறி வந்து இன்னும் பதியேல்லை.”

“அதைப் பிறகு போய்ப் பதியலாம் பிள்ளை. இது பாட்டுக்குத்தானே. இப்ப இருக்கிற விலாசத்தைச் சொல்லும்.”

கேட்டது போதகர் என்றபடியால் சொன்னாள்.

ஐந்து நாள் கழித்துக் காலையில் பைறோஸா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முச்சக்கர வண்டியில் போதகர் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

“ஃபாதர், உங்கட பாட்டுப் புள்ளய பொலிஸ் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. பதிவு இல்லையாம். கையில லிஸ்ட் ஒன்டு வச்சிருந்தாங்க. அதுல உங்கட கையெழுத்து.”

போதகர் அப்போது ஒரு பாடசாலையின் நத்தார் ஒளி விழாவுக்குப் போகப் புறப்பட்டு நின்றார். வெள்ளை அங்கியோடே பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் இன்ஸ்பெக்டர் தமெல். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதா படம் ஒன்று வைத்திருந்தார். போதகருக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் இருவரும் அதிலேயே பேசினார்கள்.

“பதிவில்லாமல் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். மேலே அனுப்பச் சொல்கிறார்கள்,” என்றார் தமெல். “ஆனால் உங்கள் சபை அங்கத்தவர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சபைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருக்கும்தானே? கொண்டுவந்து காட்டுங்கள். போதகர் பொறுப்பெடுத்தார் என்று எழுதி விட்டுவிடுகிறேன்.”

போதகர் வாயைத் திறந்தார். தமெல் கையை உயர்த்தினார்.

“இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம், ஃபாதர். பெயர் இருந்தால் போதும். எப்போது சேர்ந்தாள், யார் சேர்த்தது என்றெல்லாம் நான் பார்க்கப் போவதில்லை. நாளைக் காலை பத்து மணி வரைக்கும் பைல் என்னுடைய மேசையில்தான் கிடக்கும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு பொலிஸ்காரன் எப்படிச் சொல்வான்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். போதகருக்கும் விளங்கியது. வினையே அதுதான்.

இரண்டு நிமிடம் அவளைப் பார்க்க விட்டார்கள். நீண்ட வாங்கு ஒன்றின் ஓரத்தில் சிவமணி இருந்தாள். பொட்டை அழித்திருந்தாள். அழவில்லை.

“நான் வேதக்காரி எண்டுதான் சொன்னனான் ஐயா,” என்றாள் மெதுவாக. “நீங்கள் கடிதத்தில அப்பிடித்தானே எழுதினனீங்கள். மாத்திச் சொன்னால் உங்களுக்குக் கரைச்சல் வரும் எண்டு நினைச்சன். பதினெட்டாம் திகதிக்கு முதல் விட்டிடுவாங்களோ?”

“விடுவினம் பிள்ளை. நான் இருக்கிறன்தானே,” என்றார் போதகர்.

வீட்டுக்கு வந்து இரும்பு அலுமாரியைத் திறந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். தோல் அட்டை போட்ட கனத்த புத்தகம். இலக்கம், திகதி, பெயர், ஞானஸ்நானம் கொடுத்தவர் கையெழுத்து. கடைசிப் பதிவுக்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு வரி போதும். பேனையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அவருடைய மனைவி பாலேஸ்வரி சமையலறையில் கேக்குக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். தமெல் சொன்னதை அவர் வந்ததுமே கேட்டு அறிந்திருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“எழுதுங்கோவன். என்ன பாக்கிறியள்?”

“நீர் சொல்லுறது பொய் எழுதச் சொல்லி. அதுவும் இந்தப் புத்தகத்தில. அந்தப் பிள்ளை சைவம். கேக்காமல் அவவை எங்கட ஆளாக்கிறதோ?”

“அவளே தன்ர வாயால சொல்லிப்போட்டாளே.”

“பயத்தில சொன்னது.”

பாலேஸ்வரிக்கு வந்ததே கோபம். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றைகளைப் பின்னுக்குப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். இருபத்தேழு வருடத்துக்கு முந்திய பதிவு. அவளுடைய பெயர். அவளும் சைவமாகப் பிறந்தவள்தான்.

“இதை எழுதினண்டைக்கு நான் என்ன விசுவாசத்தோட நிண்டனான் எண்டு நினைக்கிறியள்? உங்களைக் கட்டவேணும் எண்டு நிண்டனான். பாதிரியார் கேட்டதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டு சொன்னனான். அது பொய்யில்லையோ? உங்களுக்குத் தேவைப்பட்டபடியால் அது பொய்யில்லை. என்ன?”

போதகர் புத்தகத்தை மெல்ல மூடினார். வாதத்தில் தோற்றதற்காக மனம் மாறுகிற ஆள் அல்ல அவர். திருச்சபை மேலிடத்திலிருந்து தை மாதம் புத்தகத்தைப் பார்வையிட வருவார்கள். மையின் நிறம் காட்டிக்கொடுக்கும். இப்படியும் யோசித்தார். பிறகு, பயத்தை மனச்சாட்சி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். சிவமணி எங்கள் அங்கத்தவர் அல்ல. இந்து சமயத்தைச் சேர்ந்தவர். நல்ல குரல் உள்ளவர் என்பதால் நானே சேர்த்துக்கொண்டேன். கடிதத்தில் வந்த பிழை என்னுடைய கவனக்குறைவு. அவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னது என்னைக் காப்பாற்றவே. அவர் குற்றமற்றவர் என்று கடவுள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். மூன்று முறை திருத்தி அடித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே கண் கலங்கியது. இவ்வளவு சுத்தமான உண்மையைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று நினைத்தார்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குப் போனார். அப்போதுகூட நேரே தமெலின் அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எதையும் முறைப்படி செய்கிறவர் அல்லவா? முன் மேசையில் சார்ஜன்டிடம் கடிதத்தைக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் செய்து, அதில் முத்திரை குத்துவித்து, தன்னுடைய பிரதியிலும் ஒன்று குத்தி வாங்கிக்கொண்டார்.

சற்றைக்குள் கடிதமும் போதகரும் உள்ளே போக, தமெல் இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தார்.

“புத்தகம் எங்கே?” என்று கேட்டார்.

“அதில் பெயர் இல்லை. உண்மை இதுதான்.”

“உண்மை எனக்கும் தெரியும், ஃபாதர்.” தமெல் கடிதத்தின் மேல் மூலையிலிருந்த முத்திரையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். “நேற்றே தெரியும். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர். விலாசமும் பதியவில்லை, சமயத்தையும் பொய் சொன்னாள் என்று நீங்களே கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறீர்கள். என் கையில் தந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இனிக் கிழிக்க முடியுமா?”

தமெலுக்குக் கத்த வேண்டும் போலிருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கியைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“போங்கள்,” என்றார். “நத்தாருக்கு வேலை இருக்குமே.”

அன்று பின்னேரமே சிவமணியை அங்கிருந்து கொண்டுபோனார்கள். மூன்று மாதத் தடுப்புக் கட்டளை. பிறகு நீடிக்கலாம். எங்கே என்று கேட்டதற்கு ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். போதகர் சட்டத்தரணியைப் பிடித்தார், செஞ்சிலுவைக்குப் போனார், போன இடமெல்லாம் ஒரு படிவத்தை நிரப்பினார். அழகாகத்தான் நிரப்பினார். பதினெட்டாம் திகதி வந்தது. அன்று காலை ஒரு மழலையர் பள்ளியின் ஒளி விழாவில், தேவதூதச் செட்டை கட்டிய பிள்ளைகளுக்கு நடுவில் நின்று அவர் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

கரோல் அனுமதி மட்டும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. பதினொரு பெயருக்கு. பாடத்தான் ஒருவரும் வரவில்லை. பட்டியலில் இருந்தவர்கள் தெருவில் போதகரைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு மற்றப் பக்கம் கடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல அவரால் முடியவில்லை. அவர்களுடைய பெயரும் விலாசமும் இன்னும் அந்த நிலையத்தில்தானே கிடக்கின்றன?

நத்தார் ஆராதனைக்கு ஆட்கள் வந்தார்கள், புது உடுப்போடு. எல்லாரும் பெயர் பதிய வேண்டும் என்று அரசன் கட்டளையிட்டதும், நிறைமாதக் கர்ப்பிணியோடு ஒருவன் பதியப் போனதும்தான் இயேசுவின் பிறப்பைச் சொல்லும் அன்றைய வேதபாடம். இருபது வருடமாகப் பிரசங்கித்த பாடம். அந்த இடம் வந்ததும் ஒரு வரியைத் தவறவிட்டு வாசித்தார். வயதாகிறது என்று சபையார் நினைத்தார்கள். சமாதானம் என்ற சொல்லை அன்றைய பிரசங்கத்தில் எத்தனையோ முறை சொன்னார். ஒரு முறைகூட அது அவருக்குள்ளே இறங்கவில்லை. கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அதுவரை அவருக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கு, கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து குகதாசன். பைறோஸா இலக்கம் கொடுத்திருக்கிறாள். போதகர் அந்தக் குரலை முன்பு கேட்டதில்லை. இளம் குரல். தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வேலைத்தலத்திலிருந்து எடுக்கிறான் போலும்.

“ஐயா, நீங்கள் ஒவ்வொரு இடமாய்த் திரியிறியள் எண்டு பைறோஸா ஆன்ரி சொன்னவ. எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.”

“இல்லைத் தம்பி, அப்பிடிச் சொல்லாதையும்.”

“எனக்கு ஒண்டு மட்டும் கேக்கவேணும் ஐயா. நித்திரையே இல்லை. தொடக்கத்தில, அவள் அங்க பொலிஸ் நிலையத்தில இருக்கேக்க, அவங்கள் உங்களிட்ட ஏதும் கேட்டவங்களோ? ஏதும் ஒண்டு குடுத்திருந்தால், ஏதும் எழுதிக் காட்டியிருந்தால் விட்டிருப்பாங்களோ? அப்பிடி ஒரு வழி இருந்து தவறிப்போச்சுதோ எண்டுதான் யோசிச்சு யோசிச்சு...”

பாலேஸ்வரி கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். தொலைபேசியில் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் புருஷனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்லைத் தம்பி,” என்றார் போதகர். “ஒண்டும் கேக்கேல்லை. அப்பிடி ஒரு வழியும் இருக்கேல்லை.”

குரல் தடுமாறவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், எவ்வளவு இலேசாக வந்தது என்று அவரே திடுக்கிட்டார்.

“அது காணும் ஐயா,” என்றான் குகதாசன். அவன் அழுகிறான் என்று தெரிந்தது. “நீங்கள் சொன்னால் சரி. அப்ப நத்தார் வாழ்த்துக்கள் ஐயா. அம்மாவுக்கும் சொல்லுங்கோ.”

போதகரும் அவனுக்கு வாழ்த்துச் சொன்னார்.