கட்டைவிரல்

அப்பாவின் வேலைப் பையின் பக்கவாட்டு ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அப்பாவாக இருந்தால் மெழுகுவத்தியை ஒரு தேய்ப்புத் தேய்த்து, “ரெண்டு நிமிஷ வேலை” என்றிருப்பார்.

அப்பா உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். காலை ஏழு மணிக்கு வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு காலில் மாட்டியதோடு சுவரில் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நாடி பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். சான்றிதழ் எழுத வரும் டாக்டருக்கு அப்பாவின் அடையாள அட்டை வேண்டும்.

“கெடச்சுதா பாப்பா?” என்றார் நெட்டை மாமா. அப்பாவோடு இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

“தேடறேன் மாமா.”

அம்மா கட்டில் காலடியில் உட்கார்ந்து, அந்த ஒற்றை ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலயே இந்த மனுஷன். ஒங்கிட்டயாவது சொன்னாராடி?”

“இல்லம்மா.”

“நம்ம ரெண்டு பேருல ஒருத்தர்ட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.”

நெட்டை மாமா பக்கத்து வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். “மூணு மாசமா மனுஷன் ஆளே வேற சார். முன்னெல்லாம் ஸ்பேனர எங்கயோ வெச்சுட்டு எங்கிட்ட சண்டைக்கு வருவாரு. இப்ப எல்லாம் கரெக்டு. என்ன மாயம்னு கேட்டா, ‘வீட்ல ஒரு மேனேஜர் இருக்காங்கய்யா, ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ம்பாரு.”

மேனேஜர் அவள்தான். இன்னொரு முறை ஏதாவது மறந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் அப்பாவை எச்சரித்த அன்று, சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்றை வாங்கி வந்து அவர் கையில் திணித்தாள். ரெண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை என்றால் அப்போதே முடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் நோட்டுக்குப் போகும். ஒரு நாளைக்கு மூன்றுதான்.

“நாலாவது ஒண்ணு வந்தா?”

“நாளைக்குத் தள்ளுங்க. நாலாவத உள்ள விட்டீங்க, மூணும் ஊத்திக்கும்.”

“உத்தரவு மேனேஜர்” என்று விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் சாப்பிட உட்காரும்போது நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார். பக்கத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி. “மூணு டிக். பாத்துக்குங்க. சம்பளத்த ஏத்துங்க.”

ஜிப் திறந்துகொண்டது. அட்டை அந்த நோட்டுக்குள்தான் இருந்தது. நெட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள்.

ஆறாம் மாடி கதவு ரோலர். குழாய் வாஷர். மேனேஜர் வண்டி செயின். மூன்றுக்கும் டிக். அடியில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. ரேகைக்குள் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: நெஞ்சு - டாக்டர். பக்கத்தில் அடுத்த நாளுக்கு ஓர் அம்புக்குறி.

அடுத்த பக்கத்திலும் அதே வரி, அதே அம்புக்குறி. அதற்கடுத்ததிலும். பதினோரு பக்கம். ஒரே ஒரு நாள் அது மூன்றாவது இடத்துக்கு ஏறியிருந்தது. அதை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்: மேனேஜர் வண்டி பிரேக். டிக். போன வியாழன். ‘பிரேக் சரியாப் பிடிக்கலப்பா’ என்று அவள்தான் போகிற போக்கில் சொன்னாள்.

இன்றைய பக்கத்தில் விரல் ரேகை இல்லை. முதல் வரியே அதுதான். டாக்டர், எட்டு மணி.

“நேத்து சாயங்காலம் போன் பண்ணாரு சார்” என்றது நெட்டை மாமாவின் குரல். “நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டாகும், ஏன்னு கேக்காத, எம் மேனேஜர் காதுக்குப் போயிடக் கூடாதுன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.”

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

“என்னடி அது? அவரு நோட்டா?” அம்மா ஷூவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரா?”

“வேலதாம்மா எழுதியிருக்காரு.”

“நேத்து வேலயெல்லாம் முடிச்சிட்டாரா? காட்டு.”

அவள் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். அங்கேயும் அடியில் அந்தச் சின்ன வரி. பிறகு அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள், பக்கத்தின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தபடி.

“மூணு டிக்” என்றாள் அம்மா.